டெயில்ஸ்டாக் டை ஹோல்டர்: வீட்டு லேத்துக்கு ஒரு நல்ல முதல் வேலை

[காட்சி: வைஸில் நிற்கும் ராடு. மேலே டை ஸ்டாக், இரண்டு கைகள் அதைத் திருப்புகின்றன.]

கையால் டை (ராடின்மேல் திருகுப் பள்ளம், அதாவது மரை, வெட்டும் வட்டக் கருவி) பிடித்து மரை போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எண்ணெய் விட்டு, நிதானமாகத்தான் திருப்புகிறோம். முடித்ததும் நட்டை ஏற்றிப் பார்த்தால், அது தள்ளாடிக்கொண்டே ஏறுகிறது. மரை விழுந்திருக்கிறது, ஆனால் ராடின் அச்சோடு ஒட்டாமல் சாய்ந்து விழுந்திருக்கிறது. முதல் இரண்டு சுற்றில் டை கொஞ்சம் சாய்ந்தாலே போதும். அதன்பிறகு டை தான் வெட்டிய மரையைப் பிடித்துக்கொண்டே நடக்கும். நாம் எவ்வளவு நிமிர்த்தினாலும் கேட்காது.

இதற்கு லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், ஒரு எளிய வழி உண்டு. ராடை சக்கில், அதாவது அதைச் சுழற்றும் பிடியில், பிடிக்கிறோம். டையை, சக்குக்கு எதிர்முனையில் நிற்கும் டெயில்ஸ்டாக் பக்கத்திலிருந்து நேராக வந்து உட்காரும்படி ஒரு ஹோல்டரில் வைக்கிறோம். டெயில்ஸ்டாக்கில் இருக்கும் வழிகாட்டித் தண்டின்மேல் ஹோல்டர் வழுக்கி வரும். சாய்வதற்கு இடமே இல்லை.

இந்த டை ஹோல்டரைத்தான் இன்று செய்யப்போகிறோம். லேத் வாங்கியவுடன் எல்லோருக்கும் குட்டி நீராவி இன்ஜின்மேல் ஆசை வரும். அதில் தவறில்லை. ஆனால் இன்ஜினுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஃபேஸிங் (முகப்பைச் சமமாக்குவது), டர்னிங் (வெளிவிட்டத்தைக் கடைவது), ட்ரில்லிங் (துளையிடுவது), போரிங் (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது), ரீமிங் (துளையைச் சரியான அளவுக்கு முடிப்பது) எல்லாம் இந்த ஒரே சின்னப் பொருளில் வந்துவிடும். செய்து முடித்த பிறகு அது அலமாரியில் அலங்காரமாக நிற்காது, அடுத்த வேலைக்கே கைக்கு வரும்.

லேத் தன்னைத்தானே செய்துகொள்ளும் ஒரே இயந்திரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அதில் ஒரு உண்மை இருக்கிறது. 1800ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி உருவாக்கிய மரை வெட்டும் லேத்தில், டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவில் இருந்த துல்லியம் அது வெட்டிய ஒவ்வொரு திருகுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841இல் மரைகளுக்குப் பொது அளவுகளை முன்வைத்தார். அவருடைய மரைக்கோணம் 55 டிகிரி. இன்று நாம் போடும் மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய போல்ட் ஒன்று நம் நட்டில் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகி நின்றால், முதலில் இந்த வித்தியாசத்தைச் சந்தேகப்படுங்கள்.

[காட்சி: மேஜைமேல் 32 மி.மீ. மைல்ட் ஸ்டீல் துண்டு, 12 மி.மீ. கிரவுண்ட் ராடு, 20 மி.மீ. டை.]

சரி, வேலைக்கு வருவோம். எம்3 முதல் எம்6 வரையிலான (3 முதல் 6 மி.மீ. விட்ட மரைக்கான) மெட்ரிக் உருண்டை டைகளின் வெளிவிட்டம் பொதுவாக 20 மி.மீ. எம்5, எம்6 டைகளின் தடிமன் 7 மி.மீ. எனவே நம் ஹோல்டரின் உடல் 32 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். நடுவே 12 மி.மீ. துளை. முன்பக்கம் டை உட்கார 20 மி.மீ. விட்டத்தில், 7 மி.மீ. ஆழத்தில் ஒரு குழி. வழிகாட்டித் தண்டுக்கு 12 மி.மீ. கிரவுண்ட் ராடு, அதாவது துல்லியமாகச் சாணை பிடித்த ராடு. அதை டெயில்ஸ்டாக்கில் மாட்டிய ட்ரில் சக்கிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

இதில் துல்லியம் எங்கே வேண்டும்? வெளிவிட்டம் 32க்குப் பதில் 31.4 ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. நீளமும் அப்படித்தான். துளையும் குழியும் மட்டும் ஒரே அச்சில் இருந்தாக வேண்டும். ஒரு வேலையைத் தொடங்குமுன் எந்தப் பரப்பு எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று இப்படிப் பார்த்துக்கொண்டால், பாதி வேலை முடிந்த மாதிரி.

மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக் ஒன்றில் ராடைப் பிடித்து, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் இண்டிகேட்டர் வைத்தால் 0.05, 0.1 மி.மீ. ஆட்டம் காட்டுவது சாதாரணம். ஒரு ஜாபை (சக்கில் பிடித்த வேலைத் துண்டை) கழற்றி மறுபடி மாட்டினால் அந்த ஆட்டம் புதிதாக உள்ளே வரும். கழற்றாமல் ஒரே பிடியில் வெட்டிய பரப்புகள் எல்லாமே, சக் எவ்வளவு மோசமாக இருந்தாலும், ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) சுழலும் அச்சோடு ஒத்துப்போகும். அதனால் துளையும் குழியும் முடியும்வரை ஜாபைக் கழற்றப்போவதில்லை.

[காட்சி: சிறிய சக், முழுக்கத் திறந்த ஜாக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.]

75 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். 80 மி.மீ. சக் வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சியைக் கவனியுங்கள். 32 மி.மீ. ராடைப் பிடிக்க ஜாவை இவ்வளவு வெளியே கொண்டுவந்தால், ஜாவின் பற்களில் ஒன்றிரண்டு மட்டுமே உள்ளே ஸ்க்ரோலை (ஜாக்களை நகர்த்தும் சுருள் தட்டை) பிடித்திருக்கும். அந்தப் பிடியை நம்பக் கூடாது. ஜா செட்டை மாற்றி, வெளி ஜா போட்டுப் பிடியுங்கள். அப்புறம், கையைச் சக் கீயிலிருந்து எடுக்கும் நேரத்தில் கீயும் சக்கிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு நொடி என்றாலும் அதை அங்கேயே விடாதீர்கள். கையுறையும் வேண்டாம்.

வேகம் எவ்வளவு? ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் வசதியானது. 320ஐ அந்த வேகத்தால் பெருக்கி, மி.மீ. கணக்கில் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். நம் கணக்கில் 320 பெருக்கல் 25, வகுத்தல் 32, அதாவது 250.

[காட்சி: மிக நெருக்கத்தில், டூல் முனைக்கும் ராடுக்கும் நடுவே மெல்லிய ஸ்டீல் ஸ்கேல்.]

இங்கே கொஞ்சம் நிற்போம். டூலின் முனை ஜாபின் மையத்துக்குச் சரியாக அதே உயரத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்க எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் டூல் முனைக்கும் இடையே நிற்க வைத்து, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை மெதுவாகத் திருகி லேசாக அழுத்துங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வாக இருக்கிறது. தலை அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் உயர்ந்திருக்கிறது. டூலுக்கு அடியில் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்யுங்கள்.

அடுத்து ஃபேஸிங். டூலைத் தாங்கி நீளவாக்கில் நகரும் கேரேஜைப் பூட்டிவிட்டு, டூலை ஓரத்திலிருந்து மையத்துக்குக் கொண்டுபோங்கள். நடுவில் குட்டியாக ஒரு காம்பு மிஞ்சினால் உயரம் இன்னும் சரியாகவில்லை. ஸ்கேலில் தெரியாத சிறு பிழையையும் இந்தக் காம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிவிட்டத்தை ஒரு சுத்தம் செய்யும் அளவுக்கு மட்டும் கடைந்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கு முதல்முறை சாட்டர் வரும். கிரீச்சென்று சத்தம், பரப்பில் வரிவரியாக அலை. முந்தைய சுற்றில் விழுந்த அலைமேல் டூல் போகும்போது வெட்டும் ஆழம் கூடிக் குறைகிறது, அது டூலை மறுபடி ஆட்டுகிறது, அடுத்த சுற்றில் அலை இன்னும் பெரிதாகிறது. பயந்துபோய் ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் முன்னேறும் தூரத்தை) குறைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. பெரும்பாலும் அதனால் நிலைமை மோசமாகும். வேகத்தைக் குறைத்து, ஃபீடைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். டூல் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தையும் குறையுங்கள். நீட்டல் இரண்டு மடங்கானால், அதே விசைக்கு டூல் எட்டு மடங்கு வளையும். சுமார் 40 கிலோ எடையுள்ள சின்ன லேத்தில் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே வேலையின் தரம் மாறிவிடும்.

[காட்சி: சென்டர் ட்ரில், அடுத்து 11 மி.மீ. ட்ரில் உள்ளே போகிறது.]

துளைக்கு வருவோம். சென்டர் ட்ரில்லில் தொடங்கி, படிப்படியாக 11 மி.மீ. வரை போகலாம். அடிக்கடி வெளியே இழுத்துச் சுருளை நீக்குங்கள். கையால் தொடாமல் பிரஷ்ஷையோ கொக்கியையோ பயன்படுத்துங்கள், அதுவும் இயந்திரம் நின்ற பிறகு.

நேராக 11.75 ட்ரில், பிறகு 12 ரீமர் என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல். ட்ரில் தனக்கு எளிதான வழியில் போகும், ஆழம் கூடக் கூட அச்சை விட்டு விலகலாம். ரீமர் அதைத் திருத்தாது. இருக்கிற துளையைப் பின்தொடர்ந்து போய் அளவை மட்டும் சரியாக்கும். துளையை அச்சுக்குக் கொண்டுவருவது போரிங்தான், ஏனென்றால் அங்கே டூல் நேர்கோட்டில் போகிறது, ஜாப் தன் அச்சில் சுழல்கிறது.

ஆனால் 50 மி.மீ. ஆழம் முழுக்க 8 மி.மீ. போரிங் பாரால் வெட்டப் போனால் பார் நடுங்கும். அதனால் ஒரு குறுக்குவழி. முகப்பில் 10 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் 11.75 வரை போர் செய்யுங்கள். இப்போது 11.75 ட்ரில்லை விட்டால், அந்த 10 மி.மீ. அதற்கு வழிகாட்டியாக இருந்து நேராக அனுப்பும். கடைசியில் ரீமர். வேகத்தை ட்ரில் வேகத்தில் பாதிக்கும் கீழே வையுங்கள், எண்ணெய் தாராளமாக விடுங்கள், எக்காரணம் கொண்டும் பின்னோக்கிச் சுழற்றாதீர்கள்.

12 மி.மீ. தண்டை உள்ளே விட்டுப் பாருங்கள். ஆட்டமில்லாமல் வழுக்கிப் போக வேண்டும்.

[காட்சி: போரிங் பார் குழியை வெட்டுகிறது. பக்கத்தில் கிராஸ் ஸ்லைடின் டயல்.]

ஜாப் இன்னும் அதே பிடியில்தான் இருக்கிறது. இனி டை உட்காரும் குழி. ஆழம் 7 மி.மீ. என்பதால் பாரை மிகக் குட்டையாகப் பிடிக்கலாம், சாட்டர் பயமில்லை. குழப்பம் எல்லாம் டயலில்தான். வெளியே கடையும்போது டூலை உள்ளே தள்ளினால் விட்டம் குறையும். உள்ளே போர் செய்யும்போது டூலை நம் பக்கம் இழுத்தால் விட்டம் கூடும். திசை மாறும்போது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள பேக்லேஷ் குறுக்கே வரும். கைப்பிடி சுற்றும், டூல் நகராது. எனவே எந்த அளவுக்குப் போவதானாலும் ஒரே திசையிலிருந்து வாருங்கள். தாண்டிப் போய்விட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். இன்னொன்று, சில லேத்துகளின் டயல் டூல் நகரும் தூரத்தைக் காட்டும், சில நேரடியாக விட்டத்தையே காட்டும். உங்களுடையது எது என்று ஒரு துண்டில் வெட்டி அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

19.5 வரை வந்ததும் வெர்னியரைக் கீழே வைத்துவிடலாம். சின்னத் துளைகளில் வெர்னியரின் உள்தாடை சரியான விட்டத்தைக் காட்டுவது அரிது. டையையே கேஜாக எடுத்துக்கொள்ளுங்கள். 0.1, பிறகு 0.05 என்று விட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய், விரலால் அழுத்தினால் டை உள்ளே போய் உட்காரும் நிலையில் நிறுத்துங்கள். கடைசி வெட்டில் குழியின் அடித்தளத்தையும் ஒருமுறை சமப்படுத்துங்கள். டை சாயாமல் உட்காருவது அந்தத் தளத்தின்மேல்தான்.

இப்போது கழற்றலாம். தேவையான நீளத்தில் ஹேக்ஸாவால் அறுத்துவிடுங்கள். சின்ன லேத்தில் 32 மி.மீ. ஸ்டீலைப் பார்ட்டிங் டூலால் வெட்டி வீரம் காட்டத் தேவையில்லை. திருப்பிப் பிடித்துப் பின்முகத்தை ஃபேஸிங் செய்து, பிசிறு எடுத்தால் போதும். அந்தப் பக்கத்தில் 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பாதகமில்லை.

பக்கவாட்டில் இரண்டு துளைகள் வேண்டும். ஒன்று, டையின் விளிம்பிலுள்ள குழிவில் போய் உட்காரும் எம்4 கிரப் ஸ்க்ரூவுக்கு (தலையில்லாத திருகு). அதன் இடத்தை உங்கள் கையிலுள்ள டையைப் பார்த்தே குறியுங்கள். மற்றது உடலின் நடுப்பகுதியில், கைப்பிடிக்காக, எம்6. 5 மி.மீ. ட்ரில் போட்டு டேப் செய்யுங்கள், அதாவது உள்மரை வெட்டுங்கள். உள்துளையில் மேடு தட்டியிருந்தால் ரீமரைக் கையால் ஒருமுறை திருப்பி விட்டால் சரியாகிவிடும்.

[காட்சி: டெயில்ஸ்டாக்கில் தண்டு, அதன்மேல் ஹோல்டர். சக்கில் 8 மி.மீ. ராடு.]

இந்த ஹோல்டருக்கு முதல் வேலை அதன் சொந்தக் கைப்பிடிதான். அதுவரை எம்6 துளையில் ஒரு சாதாரண போல்ட்டை மாட்டிப் பிடித்துக்கொள்ளலாம். 8 மி.மீ. ராடின் முனையை 5.9 மி.மீ.க்குக் கடையுங்கள். சரியாக 6 என்று விட்டால் டை திணறும். முனையில் நல்ல சாய்வு கொடுங்கள். பொதுவாக டையில் எழுத்து பொறித்த பக்கம் ஜாபைப் பார்த்திருக்க வேண்டும்.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கைப்பிடி மாட்டிய ஹோல்டரோடு மோட்டாரை ஓடவிடவே கூடாது. ஒரு கையால் ஹோல்டரைப் பிடித்து ஜாபை நோக்கி லேசாக அழுத்தி, மறு கையால் சக்கைத் திருப்புங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு சுற்றுக்குப் பிறகு அழுத்தத் தேவையில்லை, டை தானாகவே தண்டின்மேல் ஹோல்டரை இழுத்துக்கொண்டு போகும். ஜாபின் முனை வந்து தண்டில் முட்டிவிடாதா என்று ஒரு சந்தேகம் வரும். முட்டாது. ஜாபும் தண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, நகர்வது ஹோல்டர் மட்டும்.

எம்8க்குப் போக ஆசைப்பட்டால், அந்த டையின் விட்டம் 25 மி.மீ., தடிமன் 9 மி.மீ. உடலின் பின்முனையில் இன்னொரு குழி போடலாம். சுவர் 3.5 மி.மீ. மிஞ்சும், எம்4 ஸ்க்ரூவுக்கு அது சமாளிக்கும். ஆனால் அதுவும் அதே துளையோடு அச்சு ஒத்துப்போக வேண்டும். சக்கில் உடலைத் திருப்பிப் பிடித்தால் அது கிடைக்காது. ஒரு துண்டு ராடைச் சக்கில் பிடித்து, உடலின் துளைக்குள் இறுக்கமாக நுழையும் அளவுக்கு அங்கேயே கடையுங்கள். உடலை அதன்மேல் ஏற்றி, கைப்பிடித் துளை வழியாக ஒரு ஸ்க்ரூவைத் தண்டின்மேல் இறுக்குங்கள். ஸ்க்ரூவின் தலை வெளியே நீட்டாமல் பார்த்துக்கொண்டு, சிறு சிறு வெட்டாகப் போர் செய்யுங்கள். அந்தத் துண்டு ராடைச் சக்கிலிருந்து கழற்றிவிட்டால் அதன் அச்சும் போய்விடும், அடுத்த முறை புதிதாகத்தான் கடைய வேண்டும்.