இன்னொருவர் கோட்டைப் போட்டுப் பார்ப்பது

(ஓவியம் பயிலும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன் ஒரு பழைய தாளைக் காட்டிவிடுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது வரைந்தது. ஒரு கிழவர், ஒரு மரம், பின்னால் ஒரு வீடு. மூன்றிலும் நிழலுக்காக ஒன்றையொன்று வெட்டிப் போட்ட ஒரே குறுக்குக்கோடுகள். கிழவரின் கன்னமும் மரப்பட்டையும் ஒரே துணியில் வெட்டித் தைத்த மாதிரி இருக்கிறது பாருங்கள். அப்போது எனக்கு ஒரு ஓவியர் மேல் பைத்தியம். பெயர் வேண்டாம், தப்பு அவருடையது இல்லை. ஒரு வருஷம் முழுக்க அவரைப் போலவே கோடு போட்டேன். “அப்படியே அவர்தான்டா” என்றார்கள் நண்பர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு சின்ன வேலை வந்தது. ஒரு கதைக்குப் படம். கழன்ற செயினைக் குனிந்து மாட்டிக்கொண்டிருக்கும் பையன், பக்கத்தில் சைக்கிள். அவ்வளவுதான். இரண்டு நாள் உட்கார்ந்தும் வரவில்லை. ஏனென்றால் என் ஓவியர் சைக்கிளே வரைந்ததில்லை. அவர் வரையாத ஒரு பொருளை என்ன செய்வதென்று என் கைக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பையன் கணக்கைப் பார்த்து விடையை மட்டும் எழுதிக்கொண்டவன் மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

அதற்குப் பிறகுதான், அவர் எதற்காக அப்படிக் கோடு போட்டார் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் நேராக அச்சகத்தில் கொண்டுபோய் விட்டது. இதை நீங்களும் கவனிக்க வேண்டும். பழைய ஓவியர்களிடம் நாம் ‘ஸ்டைல்’ என்று ரசிப்பதில் ஒரு பெரிய பங்கு, அச்சு எந்திரத்துக்கு அவர்கள் சொன்ன பதில்.

ஜான் டென்னியலை எடுத்துக்கொள்வோம். ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ என்ற குழந்தைக் கதைக்கு 42 படங்கள் வரைந்த ஆங்கிலேயர். அவை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. கட்டையில் மை ஒட்டும், அல்லது ஒட்டாது. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. ஆக, நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கித்தான் ஆக வேண்டும். அவர் வரைந்ததைச் செதுக்கியவர்கள் டால்சியல் சகோதரர்கள் என்ற வேறு ஆட்கள். அவர்களுடைய உளி தடுமாறாமல் போகிற மாதிரி ஒவ்வொரு கோடும் தெளிவாக இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் எதுவும் இல்லாமல், டேப்லெட்டில் உட்கார்ந்துகொண்டு அதே கோடுகளை அள்ளிப் போட்டால் அது வெறும் வேஷம். 1865இல் முதலில் அச்சான 2,000 பிரதிகளின் தரம் பிடிக்கவில்லை என்று டென்னியல் சொல்ல, அந்த அச்சையே திரும்பப் பெற்று மறுபடி அச்சடித்தார்கள். தன் கோடு தாளில் எப்படி விழுகிறது என்பது வரை அவர் விடவில்லை.

கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்த ஆர்தர் ராக்கம் இன்னொரு விதம். அவருடைய பழுப்பேறிய, மங்கலான வண்ணங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். அவர் காலத்தில் வண்ணப் படத்தைப் புகைப்பட முறையில் மூன்று நிறங்களாகப் பிரித்து அச்சடிக்க வழி வந்திருந்தது. நடுவில் செதுக்குகிறவர் இல்லை. ஓவியர் போட்ட வாஷ், அதாவது தண்ணீர் கலந்த மெல்லிய வண்ணப் பூச்சு, கிட்டத்தட்ட அப்படியே தாளுக்கு வந்தது. ராக்கம் இங்க் கோட்டை முதலில் போட்டு, அதன் மேல் வாட்டர்கலரை ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிசாக ஏற்றினார். 1905இல் ஒரே புத்தகத்துக்கு 51 வண்ணப் படங்கள். டென்னியலுக்கும் ராக்கமுக்கும் இருந்த வித்தியாசத்தில் பாதி ரசனை, மீதி இயந்திரம்.

ஜப்பானின் ஹொகுசாய் ஓவியர் பட்டறையில் சேருமுன், சிறு வயதில் மரக்கட்டை செதுக்கிப் பழகியவர். தூரிகை எடுக்கும்போதே, உளி எங்கே வளையும், எங்கே முரண்டு பிடிக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும், இன்று விட்டுவிடுகிறேன்.

சரி, அப்படியானால் பார்த்து வரையவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வரையுங்கள். வரையாமல் இருந்தால்தான் தப்பு. வின்சென்ட் வான்கோ இதழ்களுக்குப் படம் வரைந்து பிழைக்கலாம் என்று நினைத்த ஒரு காலம் உண்டு, 1880களின் தொடக்கத்தில். ஆங்கில வார இதழ்களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களை ஆயிரத்துக்கும் மேல் சேர்த்தார். வெட்டி, அட்டையில் ஒட்டி, பொருள்வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் பார்த்தார். நாமும்தான் போனில் சேர்க்கிறோம். என் போனில் நாலாயிரம் படம் இருக்கிறது. அதில் இரண்டாவது தடவை திறந்து பார்த்தது இருபது இருக்குமா, சந்தேகம்தான்.

நான் சொல்லும் பயிற்சிக்கு ஒரே ஒரு படம் போதும். எதிரில் வைத்து, அதே அளவில், அதே கருவியால் வரையுங்கள். படத்தில் ஒரு விரலளவு இடத்தை மட்டும் நெருங்கிப் பாருங்கள். கோடு எங்கே தடித்தது, எங்கே நிப்பைத் தூக்கினார், எந்தக் கோட்டைப் போடாமல் விட்டார்? போடாமல் விட்டதுதான் அநேகமாக முக்கியமான இடம். அடுத்த நாள் மூலத்தை மூடிவிட்டு ஞாபகத்தில் இருந்து போடுங்கள். எது மறந்துபோகிறதோ அது உங்களுக்கு இன்னும் புரியவில்லை. பிறகு அந்த ஓவியர் வரைந்தே இராத ஒன்றை, உதாரணத்துக்கு உங்கள் வீட்டு மிக்ஸியை, அந்தக் கையால் வரைந்து பாருங்கள். அங்கே திணறுவீர்கள். திணறும் இடத்தில் நீங்களாக ஏதோ ஒன்று செய்தாக வேண்டும், இல்லையா? அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒன்று: படிப்புக்காகப் பார்த்து வரைந்ததன் பின்பக்கம், இன்னாரைப் பார்த்துப் போட்டது என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். வேலை கேட்கும்போது காட்டுகிற போர்ட்ஃபோலியோவுக்குள் அது போகக் கூடாது. நாணயம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை தருகிறவருக்கு அந்த மூல ஓவியரின் போன் நம்பர் தெரிந்திருக்கும்!

முடிந்த படத்தைவிட அவர்கள் வேலை செய்த விதத்தில் கற்க நிறைய உண்டு. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்த முகங்களைப் பலரும் பார்த்து வரைகிறார்கள். அவர் முதலில் சின்ன ஸ்கெட்ச், அப்புறம் ஆட்களை நிறுத்தி எடுத்த புகைப்படங்கள், அப்புறம் ஓவியத்தின் அளவுக்கே கரித்துண்டால் முழுப் படம், வண்ணத்துக்குத் தனியாக ஒரு சின்னப் படம் என்று போய், கடைசியில்தான் எண்ணெய் வண்ணத்தைத் தொட்டார். அதைப் பலர் வரைந்து பார்ப்பதில்லை. குழந்தைப் புத்தக ஓவியர் குவென்டின் பிளேக்கின் படங்களைப் பார்த்தால் ஒரே மூச்சில் கிறுக்கியது போலிருக்கும். ஆனால் முதலில் போட்டுப் பார்த்த ரஃப்பை, அடியில் விளக்கெரியும் லைட்பாக்ஸில் வைத்து, மேலே நல்ல தாளைப் போட்டுத்தான் வரைகிறார். டிரேஸ் செய்வதில்லை. அடியில் இருப்பது அத்தனை தெளிவாகத் தெரியாமல் இருப்பதையே விரும்புகிறார். எது எங்கே வர வேண்டும் என்பதற்கு மட்டும் ரஃப். கோடு அன்றைக்குப் புதிதாக விழ வேண்டும். கஷ்டமான இடத்தை, ஒரு முகபாவத்தை என்று வைத்துக்கொள்ளுங்களேன், முதலில் போடுகிறார். சரியாக வரவில்லையா, அடுத்த தாள். நாமெல்லாம் சட்டை, பொத்தான், காலணி என்று அழகாக முடித்துவிட்டு, கடைசியில் முகத்தில் கோட்டை விடுகிறோம்.

வருமானம் பற்றி யாரும் வகுப்பில் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். ராக்கம் பல வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஓவியப் படிப்பு மாலை வகுப்பில். பீட்டர் ராபிட் என்ற முயல் கதையைப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியபோது பியட்ரிக்ஸ் பாட்டர் சொந்தச் செலவில் 250 பிரதி அச்சடித்தார், 1901 டிசம்பரில். மறு வருஷமே ஒரு பதிப்பாளர் வண்ணத்தில் வெளியிட்டார். 1903இல் பாட்டர் அந்த முயலைப் பொம்மையாகவும் பதிவு செய்துகொண்டார். எரிக் கார்ல் விளம்பரத் துறையில் இருந்தவர். ஒரு விளம்பரத்துக்கு அவர் செய்த சிவப்புச் சிங்கி இறால் ஒரு எழுத்தாளர் கண்ணில் பட்டு, அதன் வழியாகத்தான் 1967இல் குழந்தைப் புத்தகத்துக்கு வந்தார். மாரிஸ் சென்டாக் பத்து வருஷத்துக்கு மேல் மற்றவர்களின் கதைகளுக்குப் படம் போட்டவர். பிறகு தானே எழுதிய ஒரு புத்தகத்தில் காட்டுக் குதிரைகள் வருவதாக இருந்தது. அவருக்குக் குதிரை வரைய வராது! குதிரைக்குப் பதிலாக விநோத ஜந்துக்களைப் போட்டார். 1963இல் அந்தப் புத்தகம் வந்தது. உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஜந்துக்களுக்காக.

ஆகவே ஒரு ஓவியரைப் பிடித்துப்போனால், அவருடைய முதல் பத்து வருஷத்து வேலைகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அழகாக இருக்காது. அது எனக்குப் பெரிய ஆறுதல். உயிரோடு இருப்பவராக இருந்தால் எழுதிக் கேளுங்கள். ஆனால் என்ன பிரஷ் என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தப் படத்துக்கு எத்தனை ரஃப் போட்டீர்கள், எதை எடிட்டர் வேண்டாம் என்றார் என்று கேளுங்கள். பதில் சிலசமயம் வரும்.

அந்த சைக்கிள் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் புத்தகங்களை மூடிவிட்டுக் கீழே போனேன். யாரோ நிறுத்தியிருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வரைந்தேன். குறுக்குக்கோடு ஒன்றுகூட இல்லை. என் ஓவியரைப் போலவும் இல்லை, யாரைப் போலவும் இல்லை. சந்தோஷமாக நல்ல தாளில் திரும்ப வரைந்தபோது, பையனின் முகம் தெரிய வேண்டும் என்று படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பிக்கொண்டேன். கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: செயின் எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும், தம்பி.