கூதிருக்கு ஒரு கைவேலை

(புரட்டாசி மாலை ஒன்றில், சேலத்தில் ஒரு நூலகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. குடையோடு வந்தவர்களுக்கும் நனைந்துகொண்டே வந்தவர்களுக்கும் நன்றி.

போன வாரம் என் பேத்தி ஆரஞ்சுத் தாளும் கத்தரிக்கோலுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பள்ளியில் இலையுதிர்காலம் என்று ஒரு பாடமாம். மேப்பிள் இலை வெட்டி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டி முடித்ததும், "தாத்தா, இந்த மரம் ஏற்காட்டில இருக்கா?" என்றாள். நான் பார்த்ததில்லை கண்ணு என்றேன். "அப்போ நம்ம ஊருக்கு அந்தக் காலம் வராதா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்து வைத்ததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். அதற்குப் பிறகு நம் பக்கத்தில் பகல் குறையும். குளிர்நாடுகளில் அது மளமளவென்று குறைவதால், மரம் பச்சையம் செய்வதை நிறுத்தி இலையை உதிர்க்கிறது. சேலத்தில் டிசம்பரின் மிகக் குறுகிய பகல்கூட 11½ மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் மரங்களுக்கு வெயில் குறைவதல்ல கவலை, தண்ணீர் குறைவதுதான். அதனால்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவுகள் மாசி, பங்குனியில் மொட்டையாகத் தெரிகின்றன. இப்போது போய்ப் பாருங்கள், கொண்டை ஊசி வளைவு இருபதிலும் பச்சை வழிந்துகொண்டிருக்கும். இந்த மாதங்களுக்கு இலையுதிர்காலம் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

நமக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம், குளிரும் மழையுமான காலம். தொல்காப்பியம் கூதிரைக் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பொழுதாகச் சொல்கிறது, நள்ளிரவோடு சேர்த்து. மலைக்கு உரிய காலம் என்றால் நம் ஏற்காட்டுக்கு உரிய காலம் என்றுதானே பொருள்? ஐப்பசியில் அண்ணா பூங்கா பக்கம் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்கு இது புரியும். ஏரி இருக்கிற இடமே தெரியாமல் மேகம் இறங்கி நிற்கும்.

கூதிர் என்றதும் எனக்கு நக்கீரரின் சங்கப் பாட்டான நெடுநல்வாடைதான் நினைவுக்கு வரும். மழை விடாமல் பெய்கிறது. வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. அந்தி வந்ததை வீட்டுப் பெண்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்பு மலர்ந்து மணக்கிறது. அதை வைத்து மாலையாகிவிட்டது என்று அறிந்து, இரும்பு விளக்கில் நெய்யூறிய திரியைக் கொளுத்தி, நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள். இரும்பு விளக்கு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இரும்புத் தாது நிறைந்த நம் கஞ்சமலை ஞாபகம் வரும். சேலத்துக்காரன் மனது அப்படித்தான் போகும், விடுங்கள்.

அந்தப் பெண்கள் பூவைக் கவனித்தார்கள், திரியை ஏற்றினார்கள். கண்ணுக்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை. கூதிரை வரவேற்க அது போதும். நம் பண்டிகைகள் எல்லாமே முதலில் கைவேலைகள்தான். நாம்தான் அவற்றைக் கடையில் வாங்கும் பண்டிகைகளாக ஆக்கிவிட்டோம். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நவராத்திரி வருகிறது. எங்கள் வீட்டில் கொலுப்படி என் மனைவியின் ராஜ்ஜியம். கீழே இருக்கும் பூங்கா மட்டும் பிள்ளைகளுடையது. அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈரமண் பரப்பி, கடுகைத் தூவி, மேலே லேசாக மண் போடுவோம். காலையிலும் மாலையிலும் கையால் தண்ணீர் தெளிப்போம். இரண்டு மூன்று நாளில் கடுகு வெடித்து வெள்ளை வால் நீட்டும். ஐந்தாறு நாளில் இரண்டு இலையோடு புல்வெளி தயார். நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால் அதுதான் ஏற்காடு ஏரி. தண்ணீர் அதிகமானால் அழுகிப்போகும். போன வருஷம் எங்களுக்கு அப்படித்தான் பாதி தட்டு போனது. பேத்தி அழுதாள், அப்புறம் தானே மறுபடி விதைத்தாள்.

ஆயுத பூஜையைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லவே வேண்டாம். குகையிலும் அம்மாபேட்டையிலும் அன்று தறிச் சத்தம் நின்றுபோகும். பொட்டு வைத்த தறி எவ்வளவு அழகு!

சரி, எனக்கு மிகவும் பிடித்ததற்கு வருகிறேன். கார்த்திகைத் தீபத்துக்கு மாவளி சுற்றுவது, அதாவது பனம்பூக் கரியைத் துணிப்பையில் கட்டிப் பொறி பறக்கச் சுழற்றுவது. இங்கே தலை நரைத்தவர்களில் பாதிப் பேருக்காவது சிறு வயதில் அதில் சட்டை ஓட்டையாகியிருக்கும். ஆண் பனையின் பூ காய்ந்து மரத்தடியில் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கிக் குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும். சுடர் அடங்கியதும் உடனே மண்ணைப் போட்டு மூட வேண்டும். இந்த இடத்தில்தான் கைப்பக்குவம் தேவை. சீக்கிரம் மூடினால் பச்சையாக நிற்கும், தாமதித்தால் சாம்பலாகிவிடும், கரி மிஞ்சாது. ஆறியபின் அந்தக் கரியை மை மாதிரி அரைத்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் நீளப் பையாகத் தைத்து இறுக்கித் திணிப்போம். பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் பையை வைத்துக் கட்டி, நுனியில் கயிறு. கங்கு வைத்து ஊதினால் பை மெல்லக் கனியும். பிறகு திறந்த வெளியில் நின்று தலைக்கு மேல் சுற்ற வேண்டியதுதான். "மாவளியோ மாவளி" என்று கத்தக் கத்த, பொறி வட்டம் வட்டமாகப் பூவாய்க் கொட்டும். சத்தம் கிடையாது. கூரை, வைக்கோல்போர் பக்கம் மட்டும் போகக் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும்.

பனை மரத்துக்கு எங்கே போவது என்பவர்களுக்கு எளிய வேலை ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மலையடிவார வேலியில் செங்காந்தள் முதலில் பூத்த நாள், மூக்கனேரியில் புதுப் பறவை கண்ணில் பட்ட நாள், இப்படி ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் ஒரு படம் வரையுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏற்காடு போனால் காபிச் செடியைப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் அது. வெளியூர்ச் செடிதான். ஆனால் நம் மழையைக் குடித்து, கூதிர் முடிகிற சமயத்தில் இலைக்கு நடுவே ஒவ்வொரு பழமாகச் சிவக்கும். மலையில் சிவப்புப் பார்க்க வேண்டும் என்றால் அதைக் காட்டலாம். பேத்தியிடம் அதைத்தான் சொன்னேன். ஆரஞ்சு இலைக்குப் பக்கத்திலேயே செங்காந்தள் ஒன்றை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

தூறல் வலுக்கிறது, வாசலில் தட்டுவடை செட் சொல்லி வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கார்த்திகைக்கு முந்தின ஞாயிறு காலை எங்கள் வீட்டு வாசலில் கரி அரைக்கிறோம். பனம்பூ இரண்டு சாக்கு சேர்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.