ஆச்சி கொடுத்த அரை மாத்திரை

வணக்கம் மக்கா. நாலு நாளாக வீடியோ ஏன் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நம்ம பூனை சுண்டுவுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. இதோ, ஜன்னல் திட்டில் படுத்திருக்கிறான் பாருங்கள். முன்னங்காலில் முடி வழித்த இடம் தெரிகிறதா? ஊசி ஏற்றிய இடம் அது.

செவ்வாய்க்கிழமை காலையில் வைத்த சோறு அப்படியே கிடந்தது. தேடிப் பார்த்தால் பீரோவுக்கு அடியில் இருக்கிறான். வெளியே எடுத்தால் நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறான். பூனை வாயால் மூச்சு விட்டாலே ஆபத்து என்று எனக்குத் தெரியும். மூஞ்சி வேறு உப்பிக் கிடந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி பூரான் கடி என்றார். மாடி வீட்டு அக்கா, எலிமருந்து தின்ற எலியைத் தின்றிருக்கும் என்றார். பின்னால் வாழைத்தோட்டம் இருப்பதால் எனக்கு விரியன் நினைப்புதான்.

முதலில் காட்டிய டாக்டர் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தும் மூச்சு அடங்கவில்லை. சரி, இனி யோசிக்க நேரமில்லை என்று பாளையங்கோட்டையில் ஒரு ஆட்டோ பிடித்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கிளம்பிவிட்டோம். ஆச்சி கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது, பழுப்பாக இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். காற்றுப் பட்டும் சிவக்கவே இல்லை, கருப்பட்டிப் பாகு நிறம். அப்புறம் என்னைப் பார்த்து, "மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?" என்றார். இல்லவே இல்லை என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு ஆச்சி பக்கம் திரும்பி, "சொல்லுங்க ஆச்சி, திட்ட மாட்டேன்" என்றார்.

முந்தின நாள் ராத்திரி காது சுட்டதாம். பாவம் காய்ச்சல் என்று, தான் போடும் பாராசிட்டமாலில் பாதியை வெண்ணெயில் உருட்டிக் கொடுத்திருக்கிறாள்.

நமக்குச் சாதாரண மாத்திரை. ஆனால் அதை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் ஈரல் மாதிரி பூனையின் ஈரலால் செய்ய முடியாது. மிஞ்சுகிற நஞ்சு ரத்தத்தைக் கெடுத்து, பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். பழுப்பு நிறமும் மூச்சு வாங்கலும் அதனால்தான். மூஞ்சி வீங்குவதும் இந்த நஞ்சின் அடையாளமாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று முழுசாகப் போனால் வளர்ந்த பூனையே செத்துப் போகலாம். இவன் தின்றது பாதி. முறிமருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். மனிதர்களுக்கும் இதே நஞ்சுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம்தான் ஈறில் சிவப்பு எட்டிப் பார்த்தது.

இதில் என்ன கொடுமை என்றால், சுண்டுவுக்குக் காய்ச்சலே இருந்திருக்காது. பூனையின் சாதாரண உடல் சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும். ஆட்டோவில் நான் விரியன், பூரான் என்று கத்திக்கொண்டே வந்ததில் ஆச்சி வாயே திறக்கவில்லை. அது என் தப்புதான். டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது.

நேற்று அரை சாளை மீன் தின்றான். ராத்திரி ஆச்சி மெதுவாக வந்து, "ஏல, காது மறுபடியும் சுடுது" என்றாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 101.4. "அது அவன் சூடு ஆச்சி" என்றேன். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.