முதலில் உம்மாவின் பங்கு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியோர்களே, தாய்மார்களே!

பேப்பரில் வருகிற பெரிய வழக்குகளை விடுங்கள். நம் வீட்டுக்குள் நடப்பதைப் பேசுவோம். அத்தா மவுத்தாகிறார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த கையோடு மூத்தவன் கேட்கிறான்: "வீடு யார் பேருக்கு?"

"ஷரியா கோர்ட்டு போதும்" என்பார் ஒருவர். "எல்லாம் நில அலுவலகம் பார்த்துக்கொள்ளும்" என்பார் இன்னொருவர். இரண்டும் பாதிதான். ஷரியா கோர்ட்டின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் உயர் நீதிமன்றம் தலையிட முடியாது; அரசியலமைப்பின் 121-ஆவது பிரிவில் 1988-இல் சேர்த்த 1ஏ உட்பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆனால் அந்தக் கோர்ட்டு தரும் ஃபராயிட் சான்றிதழ், அதாவது மார்க்கப்படியான வாரிசுப் பங்குச் சான்றிதழ், யாருக்கு எவ்வளவு என்று சொல்லும், அவ்வளவுதான். கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் மாற, 1955-ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். சொத்து பெரிதென்றால் உயர் நீதிமன்றம்.

சரி, கணக்குக்கு வருவோம். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் மட்டும் வாரிசு. 32 பங்காக்கினால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. இதைக் கேட்டுவிட்டு உம்மா பேசாமல் கையெழுத்துப் போடுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடியுமுன் பால் மரம் சீவப் போனவர் அவர். திரும்பி வந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்று, அந்தக் காசில் வீட்டுத் தவணை கட்டியவர். அந்த உழைப்புக்கு உரிய பங்கு அத்தாவின் சொத்தே இல்லை! ஹார்த்தா செபென்சாரியான், அதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய சொத்து, என்று அதை முதலில் தனியே எடுக்க வேண்டும். கடனையும் அடைக்க வேண்டும். மிச்சத்தில்தான் ஃபராயிட்.

இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதிப் பணமும் ஃபராயிட்படிதான். மகன் பெயரை எழுதி வைத்திருந்தாலும், முஸ்லிம் வீட்டில் அவன் அதை எடுத்து வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளி மட்டுமே. "எனக்குத்தான் எழுதினார்" என்று வைத்துக்கொள்கிறவன் தங்கச்சியின் ஹக்கை, அவள் உரிமையை, தின்கிறான்.

தாய்மார்களே, தவணைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நில அலுவலக விசாரணைக்கு அவற்றைக் கொண்டு போங்கள். பிள்ளைகள் ஒத்துக்கொண்டால் உங்கள் செபென்சாரியான் பங்கை அங்கேயே சொல்லலாம். தகராறு என்றால் கையெழுத்துப் போடாமல், முதலில் ஷரியா கோர்ட்டில் செபென்சாரியான் மனு கொடுங்கள். வக்கீலுக்குக் காசில்லையா? அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையில் போய்க் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.