பச்சை உமே, கற்கண்டு, ஒரு ஜாடி: ஜப்பானிய முறையில் வீட்டுப் பழமது

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் ஜப்பானில் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் பச்சை உமே பழங்கள், கற்கண்டுப் பொட்டலங்கள், 1.8 லிட்டர் காகிதப் பெட்டிகளில் ஒயிட் லிக்கர், சிவப்பு மூடி போட்ட கண்ணாடி ஜாடிகள் ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்துவிடுவார்கள். அவற்றை வாங்கி வந்து மேசையில் பரப்பியிருக்கிறேன். இன்று இவற்றைக் கொண்டு உமேஷு, அதாவது உமே ஊறிய இனிப்பு மது, போடப் போகிறோம். உமேயைப் பிளம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும், அது ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய உறவு. பெரிய நெல்லிக்காய் அளவில், தோலில் மெல்லிய ரோமத்துடன் இருக்கும் இந்தப் பழங்கள் வகாயாமா மாகாணத்திலிருந்து வந்தவை. உமே விளைச்சலில் ஜப்பானிலேயே முதலிடம் அந்த மாகாணத்துக்குத்தான்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். உமே 1 கிலோ, ஒயிட் லிக்கர் 1.8 லிட்டர், ஜாடி 4 லிட்டர் கொள்ளளவு. கற்கண்டை 500 கிராமிலிருந்து 1 கிலோ வரை அவரவர் விருப்பத்துக்குப் போடலாம் என்பார்கள். 1 கிலோ போட்டால் புளிப்பு அமுங்கிவிடும் என்பது என் கருத்து, ஆகவே நான் 600 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒயிட் லிக்கர் என்பது மணமோ நிறமோ இல்லாத, 35 சதவீத ஆல்கஹால் கொண்ட ஷோச்சு, அதாவது ஜப்பானிய வடிமது. இதைவிட வீரியம் குறைந்த மதுவை ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். 1697ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் உணவு நூலிலேயே உமேஷு இடம்பெற்றிருந்தும், வீட்டில் இதைப் போட்டுக்கொள்ளச் சட்டம் தெளிவாக அனுமதித்தது 1962இல்தான். அந்த அனுமதியும் நிபந்தனைகளோடுதான் வந்தது: ஊற்றும் மது ஏற்கெனவே வரி செலுத்தப்பட்டதாகவும் 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ளதாகவும் இருக்க வேண்டும், திராட்சையும் தானியங்களும் சேர்க்கக் கூடாது, போட்டதை விற்கவும் கூடாது. 20 சதவீதம் என்ற வரம்புக்குக் காரணம் எளிமையானது. 20 சதவீதத்துக்கு மேல் ஈஸ்ட் வேலை செய்யாது என்பதால், ஜாடிக்குள் புதிதாக ஆல்கஹால் உருவாகாது. பழத்தின் சாறும் மணமும் மட்டுமே மதுவில் இறங்கும். ஆகவே, நொதித்தல் எதுவும் இல்லாமல் செய்யும் மது இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கான மிரின் என்னும் இனிப்பு அரிசி மது போன்றவை சுமார் 14 சதவீதமே இருப்பதால் அவற்றை இதற்குப் பயன்படுத்த முடியாது.

இப்போது கேமராவைச் சற்று அருகில் கொண்டுவருகிறேன். காம்பு இருந்த இடத்தில் ஒரு சிறு குழியும் அதற்குள் கறுப்பாக ஒரு துணுக்கும் தெரிகிறதா? மூங்கில் குச்சியின் நுனியை அதன் ஓரத்தில் நுழைத்து மெல்ல நெம்பினால், அது அப்படியே கழன்று வந்துவிடும். தோல் கிழியக் கூடாது. பழங்களை முன்னதாகவே கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். இருந்தாலும் இந்தக் குழிக்குள் ஒரு துளி ஈரம் ஒளிந்திருக்கும், அதுவே பின்னர் பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால், குழியையும் துடைத்த பிறகே ஜாடிக்குள் போடுகிறேன். ஜாடியின் உட்புறத்தையும் மூடியையும் இதே ஒயிட் லிக்கரில் நனைத்த காகிதத்தால் துடைத்தாயிற்று. அடிபட்ட பழங்களை ஒதுக்கிவிடுங்கள். பச்சை உமேயை அப்படியே கடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில், குறிப்பாகக் கொட்டையில், சயனைடை வெளிவிடும் அமிக்டலின் இருக்கிறது.

ஒரு அடுக்கு பழம், அதன்மேல் ஒரு அடுக்கு கற்கண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, மதுவை மெதுவாக ஊற்றுகிறேன். வெள்ளைச் சர்க்கரை இருக்கும்போது விலை கூடிய கற்கண்டு எதற்கு என்று தோன்றலாம். சர்க்கரை விரைவாகக் கரைந்துவிட்டால், வெளியே உள்ள திரவம் தொடக்கத்திலேயே கெட்டியாகி, மது உள்ளே புகுவதற்கு முன்பே பழத்தின் நீரை உறிஞ்சிவிடும். பழம் சுருங்கிப்போகும், மணமும் முழுமையாக இறங்காது. கற்கண்டோ நிதானமாகக் கரைவதால், முதலில் மது பழத்துக்குள் புகுந்து மணத்தைப் பிரித்தெடுக்கிறது. வெளியே இனிப்பு ஏற ஏற, அந்த மணத்தோடு சாறும் சேர்ந்து வெளியே வருகிறது.

மூடியில் தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். கற்கண்டு கரையும்வரை அவ்வப்போது ஜாடியைச் சாய்த்து அசைத்துவிட்டால் போதும். மூன்று மாதத்தில் குடிக்கலாம் என்றாலும் அப்போது ஷோச்சுவின் காரம் தனியே நிற்கும். ஒரு வருடம் பொறுத்தால் பொன்னிறம் ஏறி, கொட்டையிலிருந்து இறங்கிய பாதாம் போன்ற மணமும் கூடிவரும். அந்தக் கட்டத்தில் பழங்களை வெளியே எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் கசப்பும் கலங்கலும் வரக்கூடும். எடுத்த பழங்களைக் கொட்டை நீக்கி ஜாம் கிளறுபவர்கள் உண்டு. ஆனால் அவற்றிலும் ஆல்கஹால் ஊறியிருக்கும் என்பதால், குழந்தைகளுக்கும் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.