சிப்பி பதித்த பெரு நாட்டுப் பெட்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பானியர் ஆண்ட காலத்துப் பெரு நாட்டில், 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், முத்துச்சிப்பியும் அழுங்காமை என்ற கடலாமையின் ஓடும் இழைத்த பெட்டிகளுக்குச் செல்வர் வீடுகளில் பெரிய மதிப்பு. ஆசியச் சிப்பி பதிக்கும் வேலையை அந்தப் பக்கம் கொண்டு சேர்த்தவை, 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள்.

பெட்டியின் உடல் பெரும்பாலும் செடார் பலகை. பெயர்தான் செடார், மரம் வேம்புக் குடும்பம். அதன் மேல் ஆமை ஓட்டுத் தகடும், பூவாகவும் இலையாகவும் அறுத்த சிப்பித் துண்டுகளும் வச்சிரப் பசையால் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) ஒட்டப்பட்டிருக்கும்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. ஈரக்காற்றில் பலகை குறுக்குவாட்டில் விரியும், வறட்சியில் சுருங்கும். நீளவாட்டில் அசைவது மிகக் குறைவு. சிப்பியோ கல் மாதிரி, அசையவே அசையாது. இழுபறியில் விட்டுக்கொடுப்பது நடுவில் இருக்கும் பசை. மூடியை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று வெற்றொலி வருகிற இடத்தில் துண்டு கழன்றிருக்கிறது.

அங்கே உடனடிப் பசையை விடாதீர்கள். அது இறுகிவிட்டால், அடுத்த முறை பலகை அசையும்போது பசைக்குப் பதில் சிப்பியே விரிசல் விடும், கழற்றவும் வழியிருக்காது. பழைய வச்சிரமே போதும். ஒரு பங்கு வச்சிரக் குருணையை இரண்டு பங்கு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். அடுப்பில் நேராக வைத்தால் பசை வலுவிழக்கும். மெல்லிய தூரிகையால் தடவி, மேலே ஒட்டாத காகிதம் போட்டு, சிறு மணல் பையை ஒரு நாள் பாரமாக வையுங்கள். பிதுங்கிய பசையை ஈரப் பஞ்சால் உடனே ஒற்றியெடுக்க வேண்டும்.

வினிகர், எலுமிச்சை எதுவும் கிட்டே வரக்கூடாது. சிப்பி சுண்ணாம்புப் பொருள், அமிலம் அரித்துவிடும். ஓக் அலமாரியும் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும்கூட அமில ஆவி விடும். அவற்றுள் பூட்டி வைத்த சிப்பியில் வெண்பொடி பூக்கும்.

ஆமை ஓடு அசலா என்று பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கிற வழக்கம் மோசமானது. அசலில் வடு விழும். செல்லுலாய்டு போலி என்றால் தீப்பிடிக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்: அசலில் கருந்திட்டு நுண்புள்ளிகளாகக் கலைந்து தெரியும். அசல் என்றால் இன்னொன்று: அழுங்காமை ஓட்டின் பன்னாட்டு வணிகத்துக்கு சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத் தடை உண்டு. உரிய சான்றிதழ் இல்லாமல் அதை வேறு நாட்டிலிருந்து வாங்கினால் சுங்கத்தில் சிக்கும்.