கன்ப்ளா கண்காட்சிக்குப் போனால் எந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும்?

வணக்கம். கன்ப்ளா, அதாவது கன்டம் என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் வரும் ரோபோக்களின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள், இப்போது ஜப்பானைத் தாண்டி ஊர் ஊராகக் கண்காட்சியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு மாலாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் கூட்டம் பெரிய சிலையோடு செல்ஃபி எடுக்கப் போகும், அப்புறம் லிமிடெட் எடிஷன் வாங்குகிற வரிசையில் போய் நிற்கும். நான் உங்களை வேறு ஒரு இடத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன். ஆர்எக்ஸ்-78-2 என்ற ஒரே ரோபோவை, அதாவது முதல் தொடரின் நாயக ரோபோவை, ஒவ்வொரு காலகட்டத்திலும் எப்படிச் செய்தார்கள் என்று வரிசையாக வைத்திருக்கும் பெட்டி. பார்க்க எல்லாம் ஒன்று போலத் தெரிவதால் நிறைய பேர் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அந்த மொத்தக் கண்காட்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

[திரையில்: 1980ல் வந்த முதல் கிட்]

இடது ஓரத்தில் நிற்பதிலிருந்து ஆரம்பிப்போம். மொபைல் சூட் கன்டம் ஜப்பான் டிவியில் தொடங்கியது 1979 ஏப்ரலில். இயக்கியவர் யோஷியுகி டோமினோ, ரோபோக்களை வரைந்தவர் குனியோ ஓகவாரா. ரேட்டிங் சுமார், ஸ்பான்சராக இருந்த க்ளோவர் கம்பெனியின் பொம்மைகளும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை, அதனால் 52 எபிசோடுக்குத் திட்டமிட்ட தொடரை 43லேயே, 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். பண்டாய் நிறுவனம் முதல் கன்ப்ளாவை வெளியிட்டது 1980 ஜூலையில், அதாவது தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்து! க்ளோவரின் பொம்மைகள் சின்னக் குழந்தைகளுக்காகச் செய்தவை, ஆனால் தொடரில் மனதைப் பறிகொடுத்ததோ அவர்களைவிடப் பெரிய பசங்கள், அவர்களுக்குத் திரையில் பார்த்த அந்த இயந்திரம் அப்படியே வேண்டும். மறுஒளிபரப்பில் ரசிகர்கள் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில் 300 யென்னுக்கு ஒரு கிட் வந்தால் என்ன ஆகும்? கடை வாசலில் வரிசை.

அந்த 300 யென் கிட்டை நன்றாகப் பாருங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டும், நிறம் வேண்டுமென்றால் நாமேதான் பெயின்ட் அடிக்க வேண்டும், கை கால் கொஞ்சம்தான் அசையும். ஆனால் அளவு 1/144, விமான மாடல்களில் ஏற்கனவே இருந்த அளவுதான். கதையில் 18 மீட்டர் உயரமுள்ள ரோபோ கையில் 12.5 சென்டிமீட்டராக நிற்கிறது. இதற்கு முன்னால் ரோபோ என்றால் பெரும்பாலும் பொம்மை. ஒரு டாங்கியையோ போர் விமானத்தையோ செய்கிற மாதிரி, அளவு கணக்கு பார்த்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து ஒப்பிடும்படி செய்தது பெரிய விஷயம்.

அடுத்து 1990, ஹெச்ஜி, அதாவது ஹை கிரேட் என்ற கிட் வரிசை. இங்கே ரோபோவை விட்டுவிட்டு, பக்கத்தில் ரன்னர் வைத்திருந்தால் அதைப் பாருங்கள். ரன்னர் என்பது பாகங்கள், காம்பில் இலை நிற்பது போல, ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம். ஒரே சட்டத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நாலு நிறம் தெரியும். உருக்கிய பிளாஸ்டிக்கை நிறத்துக்கு ஒரு வழியாக ஒரே அச்சுக்குள் செலுத்தி எடுக்கிறார்கள். பசையும் தேவையில்லை, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இதைத்தான் ஸ்னாப் ஃபிட் என்கிறோம். பெயின்ட் அடிக்கத் தெரியாத ஒருவர் செய்து முடித்தாலும் கிட்டத்தட்ட டிவியில் பார்த்த நிறத்தோடு வந்து நிற்கும்.

1995ல் எம்ஜி (மாஸ்டர் கிரேட்), 1/100, உயரம் 18 சென்டிமீட்டர். 1998ல் பிஜி (பெர்ஃபெக்ட் கிரேட்), 1/60, 30 சென்டிமீட்டர். பெரிதாக ஆக ஆக உள்ளே எலும்புக்கூடு மாதிரி ஒரு ஃபிரேம் கட்டி, அதன்மேல் கவசத்தை மாட்டுகிற முறை வளர்ந்தது. இவை தூரத்திலிருந்தே கண்ணில் படும், தனியாக நிற்கச் சொல்ல வேண்டியதில்லை.

[திரையில்: ஆர்ஜி ரன்னர், மூட்டுப் பகுதி நெருக்கமாக]

நிற்க வேண்டியது 2010ல் வந்த ஆர்ஜி (ரியல் கிரேட்) முன்னால். பழையபடி 1/144, அதே 12.5 சென்டிமீட்டர்தான், ஆனால் உள்ளே ஃபிரேம் இருக்கிறது. அதைவிட ஆச்சரியம், அந்த ஃபிரேம் ரன்னரிலேயே பூட்டிய நிலையில் வருகிறது, வெட்டி எடுத்தவுடனே முட்டி மடங்கும்! எப்படி? ஒரு வகை பிளாஸ்டிக்கை முதலில் வார்த்து, அதைச் சுற்றி இன்னொரு வகையை வார்க்கிறார்கள். ஏபிஎஸ், பிபி என்ற இந்த இரண்டும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. அதனால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருந்தாலும் தனித்தனியாக அசையும். அச்சில் கொஞ்சம் அளவு பிசகினாலும் மூட்டு இறுகிப்போகும், இல்லை தொளதொளவென்று ஆடும். இதை வார்ப்பது ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில். தமியா, ஹசெகாவா, அவோஷிமா என்று பெரிய மாடல் கம்பெனிகள் குடியிருக்கும் பகுதி அது. பண்டாயின் ஹாபி சென்டரும் 2006லிருந்து அங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்காட்சியில் முடிந்த ரோபோவுக்குக் கொடுக்கிற வெளிச்சத்தில் பாதியாவது இந்த ரன்னருக்குக் கொடுக்க வேண்டும். அச்சு செதுக்கியவர்களின் கை வேலை முழுக்க அதில்தான் தெரிகிறது.

சரி, எதிர்ப் பக்கம் வாருங்கள், அங்கே ரசிகர்கள் செய்தவை இருக்கும். கன்ப்ளா பில்டர்ஸ் வேர்ல்ட் கப் என்று 2011லிருந்து ஒரு போட்டி நடக்கிறது, அதில் வந்த வேலைப்பாடுகளையும் சில இடங்களில் வைப்பார்கள். துரு, புகைக்கறை, குண்டடி பட்ட ஓட்டை, காலடியில் சேறு, எல்லாம் பெயின்ட்தான். ரசிகர்களின் கற்பனை கம்பெனியையே இழுத்துக்கொண்டு போன காலமும் உண்டு. 80களின் தொடக்கத்தில் ஹாபி ஜப்பான் மாதிரியான பத்திரிகைகளில் மாடலர்கள் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்தவை பிரபலமாகி, 1983ல் டிவியில் வராத ரோபோக்களுக்கே எம்எஸ்வி (மொபைல் சூட் வேரியேஷன்ஸ்) என்ற வரிசையில் கிட் வந்தது.

போட்டோ எடுப்பவர்களுக்கு ஒன்று. நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். கீழே உட்கார்ந்து, போனை ரோபோவின் பாதத்துக்குக் கொண்டுபோய், லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து மேல்நோக்கி எடுங்கள். பிரதிபலிப்பும் போகும், 12.5 சென்டிமீட்டர் ரோபோ 18 மீட்டராகவும் தெரியும்.

வெளியே வரும்போது கடை இருக்கும். முதல் தடவை என்றால் பளபளக்கும் லிமிடெட் எடிஷன் வேண்டாம், ஆர்ஜியும் வேண்டாம், அதன் பொடிப் பொடிப் பாகங்கள் புதியவர்களைச் சோர்ந்துபோக வைக்கும். 2020ல் வந்த என்ட்ரி கிரேட் ஆர்எக்ஸ்-78-2 கேளுங்கள். பாகத்தை வெட்டி எடுக்கிற நிப்பர்கூட வேண்டாம், விரலால் அழுத்தினாலே பாகம் ரன்னரிலிருந்து கழன்றுவிடும். பெயின்டும் அடிக்க வேண்டியதில்லை. ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். மிஞ்சுகிற காலி ரன்னரை உடனே குப்பையில் போடாதீர்கள், ஜப்பானில் 2021லிருந்து அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்கிறார்கள், உங்கள் ஊர் கண்காட்சியிலும் அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கவுன்டரில் கேட்டுப் பாருங்கள்.